கூரைக்குள் பெய்யும் மழை: டிக்கி பார்களும் அவை சொல்லாத தீவுகளும்

"தம்பி, இண்டைக்குப் பின்னேரம் ஒரு டிக்கி பாருக்குப் போவம்" என்று பெரியம்மாவின் மகன் தொலைபேசியில் சொன்னபோது, காரின் டிக்கிதான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் காருக்குப் பின்னாலும் மதுக்கடை வைத்திருப்பார்களோ என்று கேட்டேன். அண்ணை சிரித்துவிட்டு, "வந்து பார், உனக்கு எழுத ஏதும் கிடைக்கும்" என்றார்.

சான் பிரான்சிஸ்கோ நகரின் நொப் ஹில் மேட்டில் ஃபெயார்மொன்ட் என்ற பெரிய ஹொட்டல் இருக்கிறது. அதன் கீழ்த்தளத்தில் டொங்கா ரூம் என்ற மதுபானசாலை. உள்ளே நுழைந்ததும் கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் எடுக்கிறது. பிறகுதான் தெரிகிறது, மண்டபத்தின் நடுவில் ஒரு தடாகம். அதைச் சுற்றி ஓலைக்கூரை வேய்ந்த சிறு குடில்கள், கயிறு சுற்றிய மரத்தூண்கள், செதுக்கிய மர முகங்கள். தடாகத்தில் மிதக்கும் ஒரு தெப்பத்தில் இருந்து இசைக்குழு பாடுகிறது.

நாங்கள் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் விளக்குகள் மங்கின. மின்னல் வெட்டியது. பெரிய இடிச்சத்தம். கூரையில் இருந்து தடாகத்துக்குள் மழை கொட்டியது. சுற்றியிருந்த சனம் கைதட்டியது. கொஞ்சம் பொறுத்தால் இதே இடி, இதே மழை திரும்பவும் வருமாம்.

இடி விழுந்த கணத்தில் அண்ணையின் தோள் ஒருமுறை துள்ளி அடங்கியதை நான் கண்டேன். அவர் 2009 மே மாதத்தை உள்ளே இருந்து பார்த்தவர். அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மழை விட்டதும், "மழைக்கும் சேர்த்துத்தான் பில் போடுவாங்கள் போல" என்றார்.

அந்த மாலையும், அதற்குப் பின் சான் பிரான்சிஸ்கோவிலும் லொஸ் ஏஞ்சலிஸிலும் போய்ப் பார்த்த வேறு சில கடைகளும் கிளப்பிய கேள்விகளுக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. இந்தக் கடைகள் விற்கும் தீவு எங்கே இருக்கிறது? அந்தத் தீவின் சனம் எங்கே?

டிக்கி என்றால் என்ன?

பசுபிக் சமுத்திரத்தின் பொலினீசியத் தீவுகளில் டிக்கி என்பது பாரமான சொல். நியூசிலாந்தின் மாவோரி மக்களின் மரபுக்கதைகளில் டிக்கி என்பவன் முதல் மனிதன். மார்க்கேசஸ் போன்ற தீவுகளில் கல்லிலும் மரத்திலும் செதுக்கிய மூதாதையர், தெய்வ உருவங்களை அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். எமது ஊர்களில் வைரவர் சூலத்துக்கோ குலதெய்வத்தின் கல்லுக்கோ இருக்கும் இடம் என்று நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும்.

அமெரிக்காவில் டிக்கி பார் என்றால், தென் பசுபிக் தீவு ஒன்றுக்குள் நுழைந்தது போன்ற தோற்றம் தரும் மதுக்கடை. ஓலை, மூங்கில், மீன்வலை, கண்ணாடி மிதவை, ஊதி உப்பவைத்த மீன், மங்கிய வெளிச்சம், யன்னல் இல்லாத சுவர். வெளியே பகலா இரவா என்று தெரியக்கூடாது என்பது கணக்கு. கொடுக்கும் பானமும் தனி வகை. ரம், தேசிக்காய்ச் சாறு, வாசனைப் பாணிகள் கலந்து, நொறுக்கிய ஐஸ் நிரப்பி, மேலே புதினாக் கொத்தோ அன்னாசித் துண்டோ செருகித் தருவார்கள்.

கூரையில் தொங்கும் இரட்டைத் தோணியைக் காட்டி, அது "கட்டமரான்" என்று ஒரு பரிசாரகர் எங்களுக்கு விளக்கினார். அந்தச் சொல் எங்களுடையது என்று நாங்கள் அவருக்கு விளக்கினோம். கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல்லை ஐரோப்பிய மாலுமிகள் சோழமண்டலக் கரையில் கேட்டார்கள். 1697 இல் வெளியான ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியரின் பயண நூலில் அது இருக்கிறது. பின்னர் பசுபிக்கின் இரட்டைத் தோணிகளுக்கும் அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். எங்கள் கட்டுமரம் வேறு, அவர்களின் தோணி வேறு. தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு எல்லாக் கரையும் ஒரு கரைதான்.

இரண்டு வியாபாரிகள்

இந்தக் கடைகளின் மூலவர் பசுபிக் தீவுக்காரர் இல்லை. 1907 இல் பிறந்த ஏர்னஸ்ட் கான்ட் என்ற அமெரிக்கர். இளவயதில் கப்பல்களில் கரீபியன் கடலிலும் தென் கடல்களிலும் சுற்றியவர். அமெரிக்காவில் 13 வருடங்கள் நீடித்த மதுவிலக்கு 1933 டிசம்பரில் முடிவுக்கு வந்தது. அதையொட்டி ஹொலிவூட்டில் அவர் ஒரு சின்னக் கடையைத் திறந்தார். பயணங்களில் சேர்த்த வலை, மரச்சாமான்களே அலங்காரம். மதுவிலக்கு முடிந்த காலத்தில் விஸ்கிக்குத் தட்டுப்பாடு, ரம் மலிவாகக் கிடைத்தது. அதனால் ரம்மைப் பிடித்தார். கடையின் பெயர் டொன் த பீச்கோமர். கடை பிரபலமாகவே, தன் பெயரையும் சட்டப்படி டொன் பீச் என்று மாற்றிக்கொண்டார்.

இரண்டாமவர் விக்டர் பேர்ஜெரொன். சிறுவயதிலேயே காசநோயால் ஒரு காலை இழந்தவர். 1934 இல் ஓக்லண்டில் சிறிய உணவுக்கடை ஒன்றைத் திறந்தார். சில வருடங்களின் பின் ஹொலிவூட்டுக்குப் போய் டொன் பீச்சின் கடையைப் பார்த்தவர், திரும்பி வந்து தன் கடையையும் அதேமாதிரி மாற்றி ட்ரேடர் விக்ஸ் என்று பெயர் வைத்தார். பின்னாளில் அந்தப் பெயரில் உலகமெங்கும் கிளைகள் உருவாகின. லண்டன் பார்க் லேனில் 1963 முதல் 2022 வரை இயங்கிய கிளையை எமது புலம்பெயர் வாசகர்களில் சிலர் அறிந்திருக்கக்கூடும்.

ஆக, பசுபிக் தீவு என்று விற்கப்பட்டது இரண்டு கலிபோர்னிய வியாபாரிகள் கட்டிய மேடை. அதில் பரிமாறிய சாப்பாடு பெரும்பாலும் சீனச் சமையல். மதுவின் அடிப்படை கரீபியன் தீவுகளின் ரம். தீவுகளில் இருந்து வந்தது பெயரும் முகங்களும் மட்டும்.

குவளைக்குள் என்ன இருக்கிறது?

இந்தப் பானங்களை வெறும் கலர்த் தண்ணி என்று தள்ளிவிட முடியாது. குடித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நன்றாகச் செய்த ஒரு கொக்டெயில் கைத்திறன்தான்.

கரீபியன் தோட்டங்களின் பழைய பஞ்ச் பானத்துக்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு. புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரு பங்கு, மது மூன்று பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. டொன் பீச் அதை எடுத்து ஒவ்வொன்றையும் உடைத்துப் பெருக்கினார். ஒரு ரம்முக்குப் பதில் இரண்டு மூன்று வகை ரம். சீனிக்குப் பதில் கறுவாப் பாணி, கராம்பும் இஞ்சியும் சேர்ந்த பார்படோஸ் பாணி, தேன். தேசிக்காயோடு கிரேப்ஃபுரூட் சாறு.

1934 அளவில் அவர் உருவாக்கிய "சொம்பி" இதற்கு நல்ல உதாரணம். மூன்று வகை ரம் சேர்த்து ஏறத்தாழ 120 மில்லிலீட்டர். அதில் ஒன்று 75.5 வீதம் அற்ககோல் கொண்ட டெமெராரா ரம். ஆனால் வாயில் வைத்தால் கறுவாவும் தேசிக்காயும்தான் தெரியும். இனிப்பும் ஐஸும் மதுவின் எரிவை மூடிவிடும். ஆபத்தும் அதுதான். ஒருவருக்கு இரண்டுக்கு மேல் தருவதில்லை என்று டொன் பீச் வைத்த விதியை இன்றும் சில கடைகள் பின்பற்றுகின்றன. நான் ஒன்றோடு நிறுத்தினேன். எழும்பி நடந்தபோது அந்த ஒன்றே போதுமென்று முழங்கால் சொன்னது.

டொன் பீச் செய்முறைகளை எவருக்கும் சொல்லவில்லை. போத்தல்களில் சரக்கின் பெயருக்குப் பதிலாகக் குறிச்சொற்களை ஒட்டினார். கலப்பவருக்கே தான் எதைக் கலக்கிறேன் என்று தெரியாது. "டொன்ஸ் மிக்ஸ்" என்ற போத்தலில் இருந்தது கிரேப்ஃபுரூட் சாறும் கறுவாப் பாணியும்தான் என்பதை ஜெஃப் பெரி என்ற ஆய்வாளர் பழைய ஊழியர்களின் குறிப்பேடுகளைத் தேடி எடுத்து 2007 இல் வெளியிட்டார். 70 வருடங்களுக்கு மேல் ஒரு இரகசியம்.

இன்னொரு புகழ்பெற்ற பானம் "மை டாய்". இதை 1944 இல் தானே உருவாக்கியதாக பேர்ஜெரொன் சொன்னார். டொன் பீச் அதை மறுத்தார். பேர்ஜெரொன் சொன்ன கதைப்படி, 17 வருடம் பழுத்த ஜமெய்க்கா ரம்மில் தேசிக்காய், தோடை மது, பாதாம் பாணி, சீனிப் பாணி சேர்த்து, தஹிட்டித் தீவில் இருந்து வந்த நண்பர்களுக்குக் கொடுத்தார். குடித்தவர் தஹிட்டி மொழியில் "மிக நன்று" என்று வாழ்த்திய சொல்லே பெயராயிற்று. அதில் அன்னாசி இல்லை. அன்னாசிச் சாறு 1950களில் ஹவாய் ஹொட்டல்களுக்காகச் சேர்ந்தது. பல கடைகளில் சிவப்பும் மஞ்சளுமாக வரும் மை டாய் அந்தப் பிற்கால வகை. பழைய முறையில் வேண்டுமென்றால் கேட்டு வாங்கவேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் 2009 இல் திறந்த ஸ்மக்லர்ஸ் கோவ் என்ற கடையில் அப்படிக் கேட்டு வாங்கிக் குடித்தேன். புளிப்பும் பாதாம் மணமும் முன்னுக்கு, பழைய மரத்தின் வாசம் பின்னுக்கு. மூன்று தளம் கொண்ட அந்தக் கடையின் தட்டுகளில் நூற்றுக்கணக்கான ரம் போத்தல்கள். வாகனம் ஓட்டவேண்டிய அண்ணை ரம் இல்லாமல் அதே சாறுகளைக் கலந்து கேட்டார். "எங்கட தேசிக்காய்த் தண்ணிக்குக் குடை பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள்" என்பது அவரின் மதிப்பீடு.

ரம் வந்த பாதையில் தமிழர்

ரம் என்பது கரும்புச்சீனி காய்ச்சும்போது மிஞ்சும் பாணியில் இருந்தோ கருப்பஞ்சாற்றில் இருந்தோ வடிப்பது. கரும்பு இருந்த இடமெல்லாம் கட்டாய உழைப்பு இருந்தது. முதலில் ஆபிரிக்காவில் இருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். பிரித்தானியப் பேரரசில் 1830களிலும் பிரெஞ்சுப் பேரரசில் 1848 இலும் அடிமை முறை ஒழிந்த பின், தோட்ட முதலாளிகள் ஒப்பந்தக் கூலிகளைத் தேடி இந்தியாவுக்கு ஆளனுப்பினார்கள்.

சொம்பிக்குள் போகும் டெமெராரா ரம்மின் நாடு கயானா. 1838 முதல் அங்கு இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலானோர் கல்கத்தா வழியாக, ஒரு பகுதியினர் மதராஸ் வழியாக. மை டாய்க்குப் பேர்ஜெரொன் பிற்பாடு சேர்த்தது மார்டினிக் தீவின் ரம். 1853 முதல் 30 வருடங்களில் அந்தத் தீவுக்குக் கொண்டுபோகப்பட்ட சுமார் 25,000 பேரில் பெரும்பாலானோர் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போன தமிழர். மொழி அழிந்துவிட்டது. மாரியம்மன் வழிபாட்டின் தடங்கள் மட்டும் இன்றும் இருக்கின்றன.

பசுபிக்கும் இதில் இருந்து தப்பவில்லை. பிஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரை 60,000க்கும் அதிகமானோர் கரும்பு வெட்டப் போனார்கள். 1903 முதல் மதராஸில் இருந்தும் கப்பல் போனது. அங்கு நம் பெண்கள் பட்ட பாட்டைக் கேட்டுத்தான் பாரதியார் பாடினார். எமது மலையக மக்களின் மூதாதையர் கோப்பிக்கும் தேயிலைக்கும் மன்னார்க் கரையில் இறங்கி நடந்த அதே நூற்றாண்டு. மலையகத்தின் கதை தேநீரில் இருக்கிறது என்றால், அதே சனத்தின் இன்னொரு கிளையின் கதை இந்த ரம் போத்தல்களில் இருக்கிறது.

பின்னறையில் நின்றவர்கள்

லொஸ் ஏஞ்சலிஸில் டிக்கி டி என்ற ஒரு சின்னக் கடை. 12 கதிரைகளைச் சுற்றியே கடை முடிந்துவிடும். பிலிப்பைன்ஸில் பிறந்த ரே பூஹென் 1961 இல் திறந்தது. இன்றும் அவரின் குடும்பமே நடத்துகிறது.

பூஹென் 1934 அளவில் டொன் பீச்சின் முதற் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் ஒருவர். அந்தக் கடையிலும் அதைப் பார்த்து எழுந்த கடைகளிலும் பானம் கலந்தவர்களில் பலர் பிலிப்பைன்ஸ்காரர். அந்தத் தீவுகள் 1898 முதல் அமெரிக்காவின் குடியேற்ற நாடு. வேலை தேடி வந்தவர்களுக்குக் கிடைத்தது வயலும் சமையலறையும். 1934 இல் வந்த சட்டம் ஒன்று பிலிப்பைன்ஸில் இருந்து வருடத்துக்கு 50 பேர்தான் வரலாம் என்று கதவை மூடியது.

தீவுச் சூழலைத் தேடி வந்த வாடிக்கையாளருக்கு உண்மையான தீவுக்காரர் கலந்து கொடுத்தார். பெயரும் புகழும் முதலாளிக்கு. அவர்களின் சட்டைப்பையில் இருந்த சிறு குறிப்பேடுகள் இல்லாவிட்டால் டொன் பீச்சின் செய்முறைகள் அவரோடேயே போயிருக்கும்.

போர் முடிந்ததும் வந்த ஆசை

டிக்கி பார்கள் 1930களில் தொடங்கினாலும், பெரும் அலையாக எழுந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். காரணம் கேட்டால், பசுபிக்கில் இருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரின் ஏக்கம் என்பார்கள். பெருந்தொகையான இளைஞர்கள் அந்தத் தீவுகளுக்குப் போனார்கள். பலர் சண்டையைக் காணாமல் துறைமுகங்களிலும் ஓடுபாதைகளிலும் சாமான் ஏற்றி இறக்கிக் காத்துக் கிடந்தார்கள். 1947 இல் வெளிவந்த ஜேம்ஸ் மிச்சனரின் தென் பசுபிக் கதைகளும், 1949 இல் அதிலிருந்து உருவான மேடை நாடகமும் அந்தக் காத்திருப்புக்கு அழகு பூசின. அடுத்து 1959 இல் ஹவாய் அமெரிக்காவின் 50ஆவது மாநிலமானது. புறநகரத்துக் குடும்பங்கள் கொல்லைப்புறத்திலும் மூங்கில் நட்டன.

போருக்குப் போனவர்கள் போரை மறந்துவிட்டு, போன இடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். திரும்பிப் போக ஒரு வீடு அவர்களுக்கு இருந்தது. அந்த இடத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அப்படிப் பிரித்து வைக்க முடியவில்லை. சொலமன் தீவுகளின் மண்ணுக்குள் அந்தப் போரின் குண்டுகள் இன்னமும் கிடக்கின்றன. 2021 மே மாதம் தலைநகர் ஹொனியாராவில், நிதி சேர்ப்பதற்காகக் கூடிச் சமைத்தவர்கள் மூட்டிய நெருப்பின் கீழ் புதைந்திருந்த ஒரு குண்டு வெடித்தது. இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். போர் முடிந்து 76 வருடங்கள்.

ஒரே ஹொட்டல், ஒரே வருடம்

டொங்கா ரூமுக்குத் திரும்புவோம். அந்தத் தடாகம் 1929 இல் ஹொட்டலின் நீச்சல் குளமாகக் கட்டப்பட்டது. சினிமாவுக்குக் காட்சியமைப்புச் செய்த ஒருவர் 1945 இல் அதைத் தென் கடலாக மாற்றினார்.

அதே 1945 இன் ஏப்ரல் தொடக்கம் ஜூன் வரை சான் பிரான்சிஸ்கோவில் 50 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி ஐக்கிய நாடுகள் சாசனத்தை எழுதினார்கள். அதற்கான கலந்துரையாடல்கள் இதே ஃபெயார்மொன்ட் ஹொட்டலிலும் நடந்தன. மேலே உலக மக்களைப் போரில் இருந்து காப்பதற்கான சாசனம், கீழே செயற்கை மழை.

அந்தச் சாசனத்தில் பொறுப்பாட்சி முறை என்று ஒரு ஏற்பாடு உண்டு. சுயாட்சி அடையாத பிரதேசங்களை ஒரு நாடு ஐ.நா.வின் சார்பில் நிருவகித்து, அங்குள்ள மக்களின் நலனைப் பேணவேண்டும். 1947 இல் மார்ஷல் தீவுகள் உள்ளிட்ட பசுபிக் தீவுக் கூட்டம் இந்த முறையின் கீழ் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டது.

அதற்கு முன்னரே, 1946 பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு, மார்ஷல் தீவுகளின் பிகினி என்ற பவளத்தீவில் ஒரு அமெரிக்கக் கடற்படை அதிகாரி சனத்தைக் கூட்டினார். மனிதகுலத்தின் நன்மைக்காகத் தற்காலிகமாகத் தீவை விட்டுத் தரமுடியுமா என்று கேட்டார். 167 பேர் மார்ச்சில் கப்பலேறினார்கள். ஜூலையில் அங்கு அணுகுண்டு வெடித்துப் பார்க்கப்பட்டது. அதே மாதம் பாரிஸில் ஒரு நீச்சல் உடைக்கு அந்தத் தீவின் பெயர் வைக்கப்பட்டது. இன்று உலகம் அறிந்த பிகினி அந்த உடைதான்.

இடம்பெயர்ந்தவர்கள் முதலில் போன ரொங்கரிக் தீவில் பட்டினி கிடந்தார்கள். 1948 இல் கிலி என்ற தீவுக்கு மாற்றப்பட்டார்கள். கிலியைச் சுற்றிக் களப்பு இல்லை. களப்பில் மீன்பிடித்து வாழ்ந்த சனத்தைக் களப்பே இல்லாத தீவில் இறக்கினால் என்ன நடக்கும் என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1970களில் பாதுகாப்பு என்று சொல்லப்பட்டு ஒரு பகுதியினர் பிகினிக்குத் திரும்பினார்கள். கதிர்வீச்சு உடலில் ஏறியது தெரிந்ததும் 1978 இல் மீண்டும் வெளியேற்றப்பட்டார்கள். "தற்காலிகம்" என்ற அந்தச் சொல் இன்னும் முடியவில்லை.

1946 முதல் 1958 வரை மார்ஷல் தீவுகளில் 67 அணுச் சோதனைகள். 1954 மார்ச் 1 அன்று பிகினியில் வெடித்தது 15 மெகாதொன். சாம்பல் ரொங்கெலாப் தீவு மக்களின் தலையில் விழுந்தது. அடுத்த மாதமே மார்ஷல் மக்கள் ஐ.நா. பொறுப்பாட்சிச் சபைக்கு ஒரு மனு எழுதினார்கள். சோதனைகளை உடனே நிறுத்துங்கள் என்று கேட்டார்கள். நிலம் தமக்குப் பயிரிடவும் வீடு கட்டவுமான இடம் மட்டுமல்ல, அதுவே தமது உயிர் என்றும் விளக்கினார்கள். சபை மனுவை எடுத்து ஆராய்ந்தது. பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கவனிக்கும்படி பரிந்துரைத்தது. நிறுத்தச் சொல்லவில்லை. சோதனைகள் 1958 வரை தொடர்ந்தன.

அந்தப் பன்னிரண்டு வருடங்களும் அமெரிக்காவில் டிக்கி பார்களின் பொற்காலத்தின் தொடக்கம். களப்பைப் பார்த்தபடி குடிக்கும் ஆசை உச்சத்தில் இருந்த நேரத்தில், உண்மையான களப்பில் மீன் சாப்பிடக்கூடாது என்று இருந்தது.

குவளையில் இருக்கும் முகம்

பல கடைகளில் பானம் வருவது முகம் செதுக்கிய மட்பாண்டக் குவளையில். வாடிக்கையாளர் விலை கொடுத்து வீட்டுக்கும் கொண்டுபோகலாம். அதிகம் விலைபோகும் முகங்களில் ஒன்று ஈஸ்டர் தீவு என்று வெளியார் சொல்லும் ரப்பா நுயியின் மோவாய் சிலை.

மோவாய்கள் அந்த மக்களின் மூதாதையர். 1862, 1863 இல் பெருவில் இருந்து வந்த அடிமை வியாபாரிகள் அங்கிருந்து ஆயிரத்துக்கு அதிகமானோரைப் பிடித்துப் போனார்கள். திருப்பி அனுப்பப்பட்ட சிலரோடு அம்மை நோயும் வந்தது. 1877 இல் தீவில் எஞ்சியிருந்தவர்கள் 111 பேர். 1868 இல் பிரித்தானியக் கடற்படைக் கப்பல் ஏற்றிச் சென்ற ஒரு மோவாய் இன்று லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 2018 இல் தீவின் பிரதிநிதிகள் அங்கு போய் அதைத் திருப்பிக் கேட்டார்கள்.

ஹவாயின் கதை இன்னொன்று. அது ஒரு இராச்சியமாக இருந்தது. 1893 இல் வெளிநாட்டுப் பூர்வீகம் கொண்ட சீனித் தோட்ட, வணிகப் பிரமுகர்கள் அமெரிக்கக் கடற்படை வீரர்களின் துணையோடு ராணி லிலிஉஓகலானியை ஆட்சியில் இருந்து இறக்கினார்கள். 1896 முதல் பாடசாலைகளில் ஹவாய் மொழி போதனா மொழியாக இருக்கமுடியாது போனது. 1898 இல் அமெரிக்காவோடு இணைப்பு. 1993 இல் அமெரிக்கக் காங்கிரஸ் மன்னிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.

1941 இல் கஹோஓலவே என்ற முழுத் தீவையும் அமெரிக்கப் படை குண்டு போட்டுப் பழகும் இடமாக எடுத்தது. 1976 இல் ஹவாய் இளைஞர்கள் தடையை மீறிப் படகில் போய் இறங்கினார்கள். அடுத்த வருடம் அவர்களில் இருவர் கடலில் காணாமல் போனார்கள். 1990 இல் குண்டு போடுவது நின்றது. 1994 இல் தீவு திருப்பி ஒப்படைக்கப்பட்டது. கண்ணிவெடி அகற்றும் பணியைப் பார்த்துப் பழகிய எமக்கு அடுத்த கணக்கு எளிதில் புரியும். சுமார் 400 மில்லியன் டொலர் செலவில் 2004 வரை துப்புரவு நடந்தது. தீவின் கால்வாசியில் கை வைக்கப்படவே இல்லை. நான்கு அடி ஆழம் வரை சுத்தமானது பத்தில் ஒரு பங்குதான்.

மறைந்ததும் மீண்டதும்

1960களின் பிற்பகுதியில் டிக்கி பார்கள் சரியத் தொடங்கின. வியட்நாம் போர் ஒவ்வொரு இரவும் தொலைக்காட்சியில் வந்தது. ஓலைக்குடிசையும் தென்னையும் எரிவதைப் பார்த்த தலைமுறைக்கு, அப்பாமார் ஓலைக்கூரையின் கீழ் குடித்துச் சிரித்தது ஒவ்வவில்லை. கடைகள் மூடின, குவளைகள் பழைய சாமான் சந்தைக்குப் போயின.

1990களில் அந்தச் சாமான்களைச் சேகரித்தவர்களும், பழைய செய்முறைகளைத் தேடியவர்களும் அதை மீட்டார்கள். ஃபுளோரிடாவில் 1956 இல் திறந்த மை காய் என்ற பெரிய கடை 2020 இல் கூரை இடிந்து மூடப்பட்டு, 2024 இல் மீண்டும் திறந்திருக்கிறது. டொங்கா ரூமை மூடும் திட்டம் 2009 இல் வந்தபோது மரபுரிமை ஆர்வலர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். தடாகம் தப்பியது.

இப்போது ஒரு விவாதமும் நடக்கிறது. பசுபிக் வம்சாவளியினர் பலர், எங்கள் தெய்வத்தின் தலையில் ஸ்ட்ரோ செருகிக் குடிக்காதீர்கள் என்கிறார்கள். சில கடைகள் டிக்கி என்ற சொல்லைக் கைவிட்டு வெப்பமண்டலப் பார் என்று தம்மை அழைக்கின்றன. செதுக்கிய முகங்களைக் கழற்றிவிட்டு ஓலையையும் ரம்மையும் வைத்திருக்கின்றன. இந்தக் கடைகளுக்குச் சிற்பம் செதுக்கியும் நடனம் ஆடியும் பிழைக்கும் தீவுக்காரர்களும் இருக்கிறார்கள். மூடினால் அவர்களின் சோறு போகும். நியாயம் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த விவாதத்தில் மேசையின் ஒரு கதிரையாவது தீவுக்காரருக்கு இருக்கவேண்டும்.

மார்ஷல் மக்களில் பல்லாயிரம் பேர் இன்று அமெரிக்காவில் வாழ்கிறார்கள். ஆர்கன்சா மாநிலத்தின் ஸ்பிரிங்டேல் என்ற ஊரில், கடலில் இருந்து பல நூறு மைல் தள்ளி, கோழி இறைச்சித் தொழிற்சாலைகளில் பலர் வேலை செய்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் பிகினி என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் முதலில் என்ன அர்த்தத்தில் கேட்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

டொங்கா ரூமில் எங்கள் மேசைக்கு வந்த பரிசாரகப் பெண், நினைவுக்கு ஒரு மோவாய்க் குவளை வாங்குகிறீர்களா என்று கேட்டார். அண்ணை அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஆற்ற முகம்?" என்று என்னிடம் தமிழில் கேட்டார்.

"ஆரோ ஒராளின்ர பூட்டன்" என்றேன்.

அவர் குவளையை மெதுவாக மேசையில் வைத்தார். முகம் சுவரைப் பார்க்காமல் எங்களைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். விளக்குகள் மறுபடியும் மங்கத் தொடங்கின. "அடுத்த இடிக்கு முதல் வெளிக்கிடுவம்" என்று எழும்பினார். வெளியே உண்மையாகவே தூறிக்கொண்டிருந்தது. குடை இருந்தும் விரிக்காமல் கார் வரைக்கும் நடந்தோம்.